விடாப்பிடி

பொன்மலை
16.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

ஜென்சி எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம். உங்களுக்கும் மாமாவுக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறது. நான் சொல்லப்போகும் விஷயம் மாமா காதில் விழுந்தால், "சிக்னல் சரியில்லடி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் உங்கள் ஸ்கூல் முகவரிக்கு அனுப்புகிறேன்.

வேலூரிலிருந்து ரிப்போர்ட் வந்துவிட்டது. நம் வீட்டில் 'பிடிப்பு' என்று சொல்லிச் சமாளித்து வந்தோமே, அதற்குப் பெயர் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. சிஎல்சிஎன்1 என்று ஒரு மரபணு. டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். தசையின் சுவரில் சின்னச் சின்ன வாசல்கள் உண்டாம். உப்பில் இருக்கிற குளோரைடு அந்த வாசல் வழியாகப் போனால்தான் இறுகிய தசை மறுபடி தளருமாம். அந்த வாசலை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு இந்த மரபணுவில் இருக்கிறது. அப்பாவுக்கும் எனக்கும் அதில் ஒரே இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. வாசல் சரியாகத் திறப்பதில்லை. அதனால்தான் உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் கால் மரக்கட்டையாகிறது. கொஞ்சம் நடந்த பிறகு ஒன்றுமே நடக்காதது போலாகிவிடுகிறது. பாங்கில் நோட்டுக்கட்டை நீட்டினால் என் விரல் விடமாட்டேன் என்கிறது. போன வாரம் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க வீட்டுப் பணமா இது?" என்று கேட்டார்.

உயிருக்கு ஆபத்தில்லையாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "அப்ப இது குடி இல்லன்னு எழுதித் தருவீங்களா டாக்டர்?" அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் எழுந்து நடக்க, அப்பா மட்டும் தள்ளாடுவார். "பிலோமின்ராஜ் இன்னிக்கும் ஏத்திட்டான்" என்பார்கள். ஒரு சொட்டு தொடாத மனிதர், அதை மறுத்ததே இல்லை. நோயாளி என்பதைவிடக் குடிகாரன் என்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

இரண்டு காரியம் அத்தை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டுமாம். அவசரத்தில் போடும் ஒரு மருந்து நமக்கு ஆகாது, உடம்பே இறுகிப் பூட்டிக்கொள்ளும் என்றார்கள். உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் இருப்பது எனக்குத் தெரியும். பெலிண்டாவுக்கு ஐந்தாம் மாதம். அவள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று, அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பெயர் ஆசீர். அவர்களிடம் சொல்லிவிடப் போகிறேன்.

அன்புடன்,
ஜென்சி


தென்னூர்
24.6.2024

அன்புக் கண்ணு ஜென்சிக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஸ்டாப் ரூமில் என் பை எல்லோர் கையும் படுகிற இடத்தில் இருக்கிறது.

அண்ணனை எதற்கு வேலூர் வரைக்கும் அலையவிட்டாய்? தெரிந்து என்ன ஆகப்போகிறது? மருந்து கொடுத்து மாற்றிவிடப் போகிறார்களா? முப்பது வருஷமாக நான் டீச்சர் வேலை பார்க்கிறேன். வகுப்பில் உட்கார்ந்ததே கிடையாது. உட்கார்ந்தால்தானே எழுந்திருக்க வேண்டும்! போன ஆண்டுவிழாவில், 'உட்காராமல் உழைக்கும் சகாயம்மாள் டீச்சர்' என்று சொல்லி எனக்குச் சால்வை போட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். உன் மாமாவுக்கே இன்றுவரை என் முழங்காலில் வாதம் என்றுதான் எண்ணம்.

இது கஷ்டமே இல்லை கண்ணு. அவர்கள் வருவதற்கு முன்னால் மொட்டை மாடியில் நன்றாக நடந்துவிடு. உடம்பு சூடாகட்டும். வந்த பிறகு ஓர் இடத்தில் உட்காராமல் ஏதாவது எடுத்துக் கொடுத்துக்கொண்டே இரு. தம்ளரைத் தட்டோடு நீட்டு, கையில் கொடுக்காதே. "பொண்ணு சுறுசுறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பெலிண்டாவைப் பார்க்க வந்தபோதும் இப்படித்தான் செய்தோம்.

அவள் விஷயத்தில் தலையிடாதே. திருவானைக்கோவிலில் அவள் மாமியார் அவளை ஒரு செக்கப்புக்கும் தனியாக விடுவதில்லை. தனக்குத் தெரிந்த டாக்டர்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று இங்கே அனுப்பவும் மாட்டார். டாக்டரிடம் சொன்னால் அந்த அம்மாவிடம் சொன்ன மாதிரி. எனக்குப் பிரசவம் ஆனதே, யாரிடம் சொன்னேன்? நல்லபடியாகத்தானே பெற்றேன்?

நீ எழுதியிருப்பது உன் ரத்தம் மட்டும் இல்லை. என் ரத்தமும் அதில் இருக்கிறது. அதை ஊருக்குக் காட்ட உனக்கு நான் சம்மதம் தரவில்லை.

வெயிலில் அலையாதே. அண்ணனுக்கு மோர் கொடு.

உன் அத்தை,
சகாயம்


பொன்மலை
15.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று வந்துவிட்டுப் போனார்கள். நடந்ததை என் வாயாலேயே நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நான் மாடிக்குப் போகவில்லை. நடக்கவில்லை. அவர்கள் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். வாசலில் கார் நின்றதும் எழுந்தேன். நீங்கள் நினைத்தபடியே ஆயிற்று. தொடை இரண்டும் கல்லாகிப்போய், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆசீரின் அம்மா உள்ளே வந்தவர், "என்னம்மா, கால் மரத்துப் போச்சா?" என்றார். அப்பா "ஆமாங்க" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"இல்லைங்க. பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். ஒரு நிமிஷம் நிக்கணும், அப்புறம் சரியாயிடும். நின்னுட்டு வந்து பேசுறேன்."

கால் தளர்ந்த பிறகு போய் உட்கார்ந்து, டாக்டரம்மா போட்ட படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளுக்கும் வரலாம் என்பதையும் சொன்னேன். ஆசீர் மட்டும் கேட்டார்.

"வலிக்குமாங்க?"

"வலிக்காது. கோவம்தான் வரும்."

"யார் மேல?"

"அவசரப்படுத்துறவங்க மேல."

அவர் சிரித்தார். அவர் அம்மா சிரிக்கவில்லை. கூட வந்த பெரியப்பா, "அப்பா வழியா, அம்மா வழியா?" என்றார். "அப்பா வழிதான்" என்றேன். "அப்ப உங்க அத்தைக்கும் இருக்கா?" என்று அடுத்த கேள்வி. "அத்தையப் பத்தி அத்தைகிட்டதாங்க கேக்கணும்" என்று சொல்லிவிட்டேன். உங்கள் ரத்தத்தை நான் காட்டவில்லை அத்தை. என்னுடையதைத்தான் காட்டினேன்.

இன்று காலை தரகர் போன் செய்தார். வேண்டாமாம். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "வலிக்குமா" என்று கேட்ட முதல் மனிதர் அவர்தான். நம் வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. ஆனால் மாடியில் நடந்து நடந்து ஒருவரைக் கட்டிக்கொண்டால், அதன் பிறகு ஆயுள் முழுவதும் மாடியில் நடக்க வேண்டும். என்னால் முடியாது.

பெலிண்டாவிடம் சொல்லிவிட்டீர்களா?

ஜென்சி


தென்னூர்
5.8.2024

ஜென்சிக்கு,

செய்வதைச் செய்துவிட்டு எனக்குக் கதை எழுதி அனுப்பினாயே. அதன் மீதிக் கதையைக் கேட்டுக்கொள்.

ஆசீரின் அம்மாவும் பெலிண்டாவின் மாமியாரும் ஒரே கோயிலில் பாடகர் குழுவில் இருக்கிறார்கள். உனக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சம்பந்தியம்மா எனக்குப் போன் செய்தார். "உங்க அண்ணன் பொண்ணுக்கு ஏதோ பரம்பரை வியாதியாமே? எங்க மருமகளும் எந்திரிக்கும்போது தடுமாறுறா. நாங்க கர்ப்பத்தாலன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்" என்றார். ஸ்பீக்கரில்தான். மாமா எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் சொல்? ஐந்து வருஷம் காத்திருந்து என் மகள் வயிற்றில் ஒரு பிள்ளை வந்திருக்கிறது. நான் சொன்னேன்: "எங்க வம்சத்துல அப்படி ஒண்ணும் இல்லைங்க. அது லிசி அண்ணி வீட்டு வழி. செத்துப்போன பொண்டாட்டிய விட்டுக்கொடுக்க மனசில்லாம எங்க அண்ணன் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு." சம்பந்தியம்மா நம்பிவிட்டார். உச்சுக் கொட்டினார்.

அண்ணி இருந்திருந்தால் அவளே என்னை அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பாள். அவ்வளவு நல்ல மனசு அவளுக்கு. யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு. இதோடு விட்டுவிடு.

சகாயம்


பொன்மலை
11.8.2024

அத்தைக்கு,

அம்மா சொல்லச் சொல்லியிருப்பாள் என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

அம்மா என்ன செய்தாள் என்று நான் சொல்கிறேன். சங்கு ஊதும் நேரத்துக்கு அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒர்க்‌ஷாப் கேட்டில் போய் நிற்பாள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தள்ளாட்டம் தெரியாது. மழையிலும் நிற்பாள். உங்கள் கல்யாணத்தன்று பீடத்துக்குப் போகும்போது உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி கூடவே நடந்தது யார்? ஆல்பத்தில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அப்பாவின் காலையும் உங்கள் காலையும் ஊர் கண்ணிலிருந்து மறைத்தவள் மேலேயே அந்தக் காலைப் போட்டுவிட்டீர்கள். அவளால் எழுந்துவந்து மறுக்க முடியாது என்பதுதானே உங்கள் தைரியம்?

அப்பாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டினால் தாங்கமாட்டார்.

நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது அந்த மாமியாருக்கு இல்லை. ஆபரேஷன் என்று வந்து, பெலிண்டாவுக்கு அந்த மருந்தைப் போட்டால் தாடை பூட்டிக்கொள்ளும். மூச்சுக்குக் குழாய் விட முடியாது. அந்த நேரத்தில் போய் "லிசி அண்ணி வீட்டு வழி" என்று சொல்வீர்களா?

நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் திருவானைக்கோவிலுக்குப் போய் பெலிண்டாவிடம் சொல்வேன். அவளிடம் மட்டும். அதற்கு மேல் அவள் இஷ்டம். அவள் உடம்பு, அவள் பிள்ளை. நீங்களும் நானும் முடிவுசெய்ய அது நம் சொத்து இல்லை.

ஜென்சி


தென்னூர்
19.8.2024

ஜென்சிக்கு,

அந்த வீட்டு வாசலை நீ மிதித்தால் எனக்கு அண்ணனும் இல்லை, அண்ணன் மகளும் இல்லை. என் சாவுக்கும் வர வேண்டாம். இதற்குப் பதில் எழுதாதே.

சகாயம்மாள்


பொன்மலை
9.9.2024

அத்தைக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். வேறு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

அப்பா இந்த வருஷமும் வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்த் திரும்பிவிட்டார். நின்றால்தான் கஷ்டம், நடந்துகொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை என்று சிரிக்கிறார்.

சனிக்கிழமை பாங்குக்குச் சதுர்த்தி லீவு, திருவானைக்கோவிலுக்குப் போனேன். பெலிண்டாவின் மாமியார் வெளியே போயிருந்தார். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவளே சொன்னாள். "எல்லாம் தெரியும்டி. அம்மா என்னைப் பள்ளிக்கூடக் காலத்துலேர்ந்து மாடியில நடக்க விட்டாங்களே, எதுக்குன்னு தெரியாதா? இப்ப வயித்தத் தூக்கிக்கிட்டு ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சா, செவுத்தப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறேன். அவர் முழிச்சுப் பாத்துட்டா என்ன சொல்றதுன்னு அதுக்கு வேற பொய் யோசிக்கணும். எனக்கு அலுத்துப் போச்சு."

மயக்க மருந்து விஷயம் அவளுக்குத் தெரியாது. சொன்னேன். என் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தாள். பிறகு, "திங்கக்கிழமை செக்கப். நீயும் வா" என்றாள்.

இன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில் மாமியாரும் கூடவே உள்ளே வந்தார். நான் அவரை வெளியே இருக்கச் சொல்ல நினைத்தேன். பெலிண்டா என் கையைத் தட்டிவிட்டாள். அந்த அம்மா எதிரிலேயே டாக்டரிடம் சொன்னாள். "எங்க குடும்பத்துல தசைப் பிடிப்பு வியாதி ஒண்ணு இருக்கு டாக்டர். எனக்கும் இருக்கு. மயக்கம் குடுக்குறவங்களுக்கு இது தெரியணும்." நான் என் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். டாக்டர் உடனே மயக்க மருந்து நிபுணரைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார்.

வெளியே வந்ததும் மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கல்யாணத்துக்கு முந்தியே தெரியுமா?" பெலிண்டா, "தெரியும்" என்றாள். அந்த அம்மா ஆட்டோவில் தனியாகப் போய்விட்டார். நாங்கள் இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். பெலிண்டா அழுவாள் என்று நினைத்தேன். "பசிக்குதுடி" என்றாள். இறங்கிப் போய் இரண்டு பரோட்டா சாப்பிட்டாள்.

உங்கள் பெயரை நாங்கள் யாரும் சொல்லவில்லை. எனக்கு நீங்கள் இன்னமும் அத்தைதான். ஆனால் அம்மா பெயரை நீங்கள் சரிசெய்யும்வரை உங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

ஜென்சி


தென்னூர்
20.10.2024

ஜென்சிக்கு,

பெலிண்டாவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். இந்தச் செய்தி உனக்கு முன்பே வந்திருக்கும். அவள் கணவர் எல்லோருக்கும் படம் அனுப்பினார். ஆனால் படத்தில் இல்லாதது கொஞ்சம் இருக்கிறது. அதை நான்தான் எழுத வேண்டும்.

புதன்கிழமை மழை கொட்டிக்கொண்டிருந்தது. வலி எடுத்துவிட்டது என்று போன் வந்து நானும் மாமாவும் ஓடினோம். மத்தியானம் குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். முதுகில் போட்ட ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. முழு மயக்கம் கொடுக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். அந்த நேரத்தில் எனக்கு ஜெபம் வாயில் வரவில்லை. நீ எழுதிய அந்த ஒரு வரிதான் வந்தது. தாடை பூட்டிக்கொள்ளும் என்று எழுதியிருந்தாயே, அது.

எல்லாம் முடிந்து மயக்க டாக்டர் வெளியே வந்தார். சின்னப் பையன், உன் வயசு இருக்கும். "முன்னாடியே சொன்னதால வேற மருந்து தயாரா வச்சிருந்தோம். சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கு ரொம்பக் கஷ்டமாப் போயிருக்கும்" என்றார். பிறகு, "குழந்தையையும் பின்னாடி கவனிக்கணும். குடும்பத்துல வேற யாருக்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டார்.

சம்பந்தியம்மா முந்திக்கொண்டார். "இவங்க அண்ணி வழியாம் டாக்டர். அந்தம்மா இறந்துட்டாங்க. அப்புறம் என் மருமகளுக்கு எப்படி வந்துச்சுன்னு இவங்களத்தான் கேக்கணும்."

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சட்டென்று எழுந்தேன். அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த கால் அல்லவா, இடுப்புக்குக் கீழே அப்படியே இறுகிவிட்டது. மாமா பிடிக்க வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எல்லோரும் பார்க்க, கம்பம் மாதிரி நின்றபடியே சொன்னேன்.

"எங்க அண்ணி வழி இல்லைங்க. எனக்கு இருக்கு. பாருங்க, இதுதான் அது. என்கிட்டேருந்துதான் என் மகளுக்குப் போயிருக்கு. அண்ணி வழின்னு சொன்னது பொய். நான்தான் சொன்னேன்."

சம்பந்தியம்மா, "அப்ப நீங்களும் தெரிஞ்சே எங்களை ஏமாத்தித்தான் கட்டிக்கொடுத்தீங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். "எங்க பேத்திக்கும் இது வந்தா?" என்றார். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியவில்லை ஜென்சி. "வந்தா வரட்டும். எழுந்து நிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தை அவளுக்குக் குடுக்க உங்களால முடியலைன்னா சொல்லுங்க, நான் தூக்கிட்டுப் போறேன். ஆனா மாடியில மட்டும் நடக்கவிட மாட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கால் தளர்ந்தது.

அந்த அம்மா இன்னமும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசட்டும், பேசாமல் போகட்டும். உன் மாமா, வீடு வந்து படியேறும்போது, "இத்தனை வருஷமா எங்கிட்டயுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணனிடம் நேரில் வந்து எல்லாவற்றையும் சொல்வேன். அவர் அடித்தாலும் சரி. கல்லறைத் திருநாளன்று அண்ணி கல்லறைக்குப் பூவோடு வருகிறேன். உன்னைக் கூப்பிட எனக்கு வாய் இல்லை. நீ வந்தால் பார்க்கிறேன், வராவிட்டால் நான் மட்டும் அவளிடம் பேசிவிட்டுப் போகிறேன்.

சகாயம் அத்தை


பொன்மலை
25.10.2024

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும். பழைய கடிதத்தையும் சேர்த்து. ரொம்ப நேரம் வாசலில் போய் நின்றார். உள்ளே வந்து, "சகாயத்துக்கு ஆட்டோ வேண்டாம், நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்றார். அதனால் கல்லறைத் திருநாளன்று காலையில் தயாராக இருங்கள்.

பெலிண்டா பேசினாள். குழந்தைக்கு இப்போதே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மாமியார் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். "அவ வளரட்டும், தேவைன்னா பாத்துக்கலாம். அதுக்குள்ள அவளுக்கு ஒரு பேர் வைங்க" என்று இவள் சொல்லிவிட்டாளாம். என்ன பெயர் என்று இன்னும் முடிவாகவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை அத்தை. வரும்போது எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு நானும் வருவேன். சாமியார் கல்லறைகளை மந்திரித்து ஜெபம் சொல்லும்போது எல்லோரும் மண்டியிடுவார்கள், நாமும் மண்டியிடுவோம். முடிந்ததும் ஊரே எழுந்துவிடும். நாம் மூன்று பேரும் அம்மாவின் கல்லறையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு எழுந்திருப்போம். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

உங்கள் அண்ணன் மகள்,
ஜென்சி